நடு மடிப்பில் ஒரு கடல்: பிரிந்த குடும்பங்களைப் பற்றிக் குழந்தைகளுக்குப் படப்புத்தகம் செய்வது எப்படி

ஒரு ஏ4 தாளை நடுவாக மடித்து மறுபடி விரித்து வையுங்கள். இடது பக்கம் ஒரு வீடு, வலது பக்கம் ஒரு வீடு வரையுங்கள். இடது வீட்டு வாசலில் அக்கா, வலது வீட்டு வாசலில் தம்பி. நடுவில் இருக்கிற மடிப்பைத் தாண்டி எதுவும் வரையாதீர்கள். இந்தத் தாளை ஆறு வயதுக் குழந்தையிடம் காட்டினால், நாம் வாயைத் திறப்பதற்குள் "இவங்க ஏன் தள்ளித் தள்ளி நிக்கறாங்க?" என்று கேட்டுவிடும். எல்லையால் பிரிந்த குடும்பங்களைப் பற்றிப் படப்புத்தகம் செய்ய நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் பாதி இந்தத் தாளிலேயே இருக்கிறது, மீதியை எழுதுகிறேன்.

காரமடைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து குழந்தைகளோடு கதைப் புத்தகம் படிப்பது என் வழக்கம். அதில் இரண்டு மூன்று பேர் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பேரக்குழந்தைகள். மேட்டுப்பாளையம் சுற்றுவட்டாரத்திலும் மேலே கோத்தகிரி, குன்னூர், கூடலூரிலும் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய உண்டு, நம் ஊரில் அவர்களைச் 'சிலோன்காரங்க' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் குழந்தைகள் தங்கள் வீட்டுக் கதையை ஒரு புத்தகத்தில் பார்த்ததே இல்லை. அதனால் கையாலேயே ஒன்று செய்தோம். செய்யும்போது கற்றுக்கொண்டதுதான் இது.

முதல் வேலை, வரலாற்றை நீங்கள் முழுசாகத் தெரிந்துகொள்வது. புத்தகத்தில் போடுவதற்காக அல்ல, குழந்தை கேட்டால் தப்பாகச் சொல்லாமல் இருப்பதற்காக. எங்கள் கதைக்குத் தேவையானது இவ்வளவு: இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போய்த் தலைமுறைகளாக உழைத்தவர்களை, 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்கள் ஏறத்தாழ 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே வீட்டில் சிலருக்கு இந்தியப் பாஸ்போர்ட், சிலருக்கு இலங்கைக் குடியுரிமை என்று ஆனதும் நடந்தது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து மலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது, இன்றைக்கு டேன்டீ என்கிறோமே அதுதான்.

இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி மூடி வைத்துவிடுங்கள். இதில் ஒரு வரிகூடக் கதைக்குள் வரக்கூடாது. நான் முதலில் செய்த தவறு அதுதான், மூன்றாம் பக்கத்திலேயே 'ஒப்பந்தம்' என்ற சொல்லைப் போட்டேன், படிக்கும்போது ஒரு பையன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

சரி, எல்லை என்பதை எப்படிச் சொல்வது? குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த எல்லையிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர்க் குழந்தைகளுக்கு இது மிக எளிது. காங்கயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி இல்லாத காடே கிடையாது (விளைநிலத்தைத்தான் நாங்கள் காடு என்போம்). வேலி என்றால் அதில் ஆள் போக வர ஒரு கடவு இருக்கும். பெரியப்பா காட்டுக்கும் நம் காட்டுக்கும் நடுவில் வேலி இருந்தாலும் கடவு வழியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். பாஸ்போர்ட்டுக்குத் தமிழில் கடவுச்சீட்டு என்று பெயர். இதை நான் சொன்னபோது குழந்தைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்: நாடு என்கிற பெரிய காட்டுக்கு ஒரு வேலி, வேலியில் ஒரு கடவு, அந்தக் கடவில் நுழைய ஒரு சீட்டு. அக்கா கையில் ஒரு சீட்டு, தம்பி கையில் வேறு சீட்டு. இதற்கு மேல் ஐந்து வயதுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

கொஞ்சம் பெரிய குழந்தைகள் என்றால் கேரள எல்லையில் இருக்கிற வாளையாரைச் சொல்லலாம். பாலக்காட்டு பஸ்ஸில் போகும்போது போர்டெல்லாம் மலையாளமாக மாறும், யாரும் நம்மை இறக்கிச் சீட்டுக் கேட்பதில்லை. ஆனால் 2020-ல் கொரோனா வந்தபோது அதே வாளையாரில் இ-பாஸ் இல்லாதவர்களை நிறுத்தினார்கள், ஆட்கள் ரோட்டிலேயே காத்துக் கிடந்தார்கள். குழந்தைகளுக்கு அது நினைவில்லை, பெற்றோர்களுக்கு இருக்கிறது. வீட்டில் போய்க் கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன், அடுத்த வாரம் ஆளுக்கொரு கதையோடு வந்தார்கள், போக முடியாமல் போன கல்யாணம், பார்க்க முடியாமல் போன சாவு. சத்தியமங்கலம், அந்தியூர்ப் பக்கத்து வாசகர்களுக்குக் கொள்ளேகால் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது, அன்றைக்கு மைசூர் மாநிலத்துக்கு, அதாவது இன்றைய கர்நாடகத்துக்குப் போனது. கோடு நகர்ந்த பிறகும் பஸ் ஓடியது, பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். இப்படி ஒரு லேசான எல்லையைக் காட்டிவிட்டு அப்புறம் கடலைக் காட்டுங்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான், மேட்டுப்பாளையத்திலிருந்து கோயம்புத்தூர் போகிற தூரம்கூட இல்லை. அந்தக் கணக்கைக் கேட்டபோதுதான் பெரிய பிள்ளைகள் முகம் மாறியது.

இனி கதை. முள்வேலி, துப்பாக்கி, அழுகிற அம்மா, கூட்டிலிருந்து பறக்கிற பறவை, இவற்றை எல்லாரும் வரைகிறார்கள். நீங்கள் வேறு ஒன்று தேடுங்கள்: அந்த உறவு இல்லாததால் ஒரு சாதாரண நாளில் எந்த இடம் காலியாக இருக்கிறது? ஒவ்வொரு ஊருக்கும் இது வேறுபடும். நமக்குத் தாய்மாமன் இருக்கிறார். காது குத்தும்போது குழந்தை யார் மடியில் உட்காரும்? மாமன் மடியில். மாமன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால்?

இந்தக் கேள்வி கிடைத்த அன்றே எங்கள் கதை முக்கால்வாசி முடிந்துவிட்டது. வள்ளி கைக்குழந்தையாக அம்மா அப்பாவோடு கோத்தகிரிக்கு வந்துவிட்டாள். மாமன் இலங்கை மலைநாட்டில் அட்டன் என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலேயே இருக்கிறான். பிரியும்போது ரயில் சன்னல் வழியாகத் தன் கம்பளியை அக்காவிடம் கொடுக்கிறான், போகிற இடத்திலும் குளிருமாமே என்று. மாமன் வரட்டும், மாமன் வரட்டும் என்று காதுகுத்து தள்ளிக்கொண்டே போகிறது, வள்ளிக்கு ஐந்து வயது ஆகிவிடுகிறது. கடைசியில் அம்மா அந்தக் கம்பளியை மடித்துத் திண்ணையில் போட்டு, அதன்மேல் வள்ளியை உட்கார வைக்கிறாள். அவ்வளவுதான் கதை. கேட்ட குழந்தைகளில் யாரும் அழவில்லை, ஆனால் படித்து முடித்தபின் ஒருத்தி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

உங்கள் கதைக்கு வேறு பொருள் கிடைக்கும். தோட்டத்தில் வேலை செய்தவர்களிடம் கேளுங்கள், என்ன நடந்தது என்று கேட்காமல், என்ன எடுத்து வந்தீர்கள் என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பலர் மௌனமாகிவிடுவார்கள். இரண்டாவதற்கு எழுந்து உள்ளே போய் ஒரு பித்தளைச் செம்போ, கட்டி வைத்த பழைய ஏர்மெயில் கடிதங்களோ கொண்டுவந்து காட்டுவார்கள். ரேடியோவைப் பற்றிப் பேசாதவர்களே கிடையாது. இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகள் இந்தப் பக்கமும் கேட்கும், அது மட்டும் சீட்டு இல்லாமல் கடலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. ரேடியோவை வைத்தே ஒரு முழுப் புத்தகம் செய்யலாம், யாராவது செய்யுங்கள்.

இப்போது பக்கக் கணக்கு, இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஆறு ஏ4 தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் 24 பக்கம். எதைச் செய்தாலும் நாலின் மடங்கில் பக்கம் வர வேண்டும். விரித்த இரண்டு பக்கத்தையும் ஒரே காட்சியாக நினைத்துத் திட்டமிடுங்கள்: 2-3, 4-5, இப்படி. நடு மடிப்பை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், இடது பக்கம் எப்போதும் கோத்தகிரி, வலது பக்கம் எப்போதும் அட்டன். ஒருமுறை முடிவு செய்துவிட்டால் மாற்றாதீர்கள், குழந்தைகள் நாலாம் பக்கத்துக்குள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், நீங்கள் மாற்றினால் உடனே பிடிப்பார்கள். ஆரம்பத்தில் எல்லாரும் சேர்ந்திருக்கும் காட்சியில் மட்டும் எல்லாரையும் வலது பக்கத்திலேயே நெருக்கி வரைந்து, இடது பக்கத்தை வெறும் மலையாக விட்டுவிட்டோம்.

மடிப்பைத் தாண்டி ஒரே ஒரு பொருள்தான் போகலாம் என்று ஒரு விதி வைத்தோம். எங்களுக்கு அது கம்பளி. மாமன் கொடுக்க, அக்கா வாங்க, கம்பளி இரண்டு பக்கத்திலும் கிடக்கிறது. அந்தக் காட்சியைக் கண்டிப்பாக நடுப்பக்கத்தில் வையுங்கள், 24 பக்கப் புத்தகத்தில் அது 12-13. காரணம் இருக்கிறது: நடுப்பக்கம் மட்டும்தான் ஒரே தாளில் வரும். மற்ற எல்லா விரிப்பிலும் இடது பக்கம் ஒரு தாள், வலது பக்கம் இன்னொரு தாள், மடித்துத் தைக்கும்போது ஒரு நூல் விலகினாலும் படம் ஒட்டாது. எங்கள் முதல் பிரதியில் இது தெரியாமல் கம்பளியை 10-11-ல் வரைந்து, வெளியே ஒரு அச்சகத்தில் கொடுத்து நகல் எடுத்தோம். வந்து பார்த்தால் மாமன் கை ஒரு உயரத்தில், கம்பளி வேறு உயரத்தில். அதோடு, மடிப்புக்கு இரண்டு பக்கமும் அரை அங்குலம் விடுங்கள். முகம், கண், எழுத்து எதுவும் அந்த அரை அங்குலத்துக்குள் வரக்கூடாது, தைத்த பிறகு உள்ளே போய்விடும்.

இதெல்லாம் வேண்டாம், சின்னக் குழந்தைகளே செய்யட்டும் என்றால் விசிறி மடிப்பு இருக்கிறது. நீளமான சார்ட் தாளை முன்னும் பின்னுமாக மடித்து, ஒரு முகத்தில் இந்த வீட்டுக் கதை, மறு முகத்தில் அந்த வீட்டுக் கதை. தைக்க வேண்டியதில்லை.

வரைவதைப் பற்றி ஒன்று. இரண்டு பக்க மலையும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கட்டும். உண்மையில் அப்படித்தான் இருக்கிறது: அதே தேயிலை, அதே சில்வர் ஓக், அதே மாதிரி வரிசை வீடுகள். அந்தப் பக்கம் அதை லயம் என்பார்கள். ஒரு ஆள் எந்த நாட்டில் இருக்கிறான் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் இருப்பதே குழந்தைக்கு எல்லையைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். கொழுந்துக் கூடை முதுகில்தான் இருக்க வேண்டும், அதன் கயிறு தலையில் மாட்டியிருக்கும், இடுப்பில் படங்கு என்கிற தடித்த துணியைக் கட்டியிருப்பார்கள். இதையெல்லாம் இணையத்துப் படம் பார்த்து வரைவதைவிட, வேலை செய்தவர்களிடம் கட்டிக் காட்டச் சொல்லி வரைவது நல்லது.

சொற்கள் குறைவாக. முழுப் புத்தகத்துக்கும் 300 சொல் தாண்டவேண்டாம், ஒரு பக்கத்துக்கு இரண்டு வாக்கியம், ஒரு வாக்கியத்துக்கு ஐந்தாறு சொல். படத்தில் தெரிவதை எழுத்தில் மறுபடி சொல்லக்கூடாது. வள்ளி கம்பளிமேல் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் நான் முதலில் 'வள்ளிக்கு மாமன் நினைவு வந்தது, சோகமாக இருந்தது' என்று எழுதியிருந்தேன். இப்போது அங்கே 'கம்பளி கொஞ்சம் குத்தியது' என்று மட்டும் இருக்கிறது. அந்த ஊர்ச் சொல் ஒன்றிரண்டை அப்படியே வையுங்கள், ரயிலைக் கோச்சி என்பார்கள், லயம் என்பார்கள். படத்திலேயே அர்த்தம் புரிந்துவிடும், அந்த வீட்டுக் குழந்தை தன் பாட்டி பேச்சைக் கேட்டதுபோல நிமிர்ந்து உட்காரும்.

வில்லன் வேண்டாம். 'யாரு இவங்களப் பிரிச்சாங்க?' என்ற கேள்வி நிச்சயம் வரும். நான் சொல்கிற பதில்: இரண்டு நாட்டுப் பெரியவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள், யார் எங்கே போக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது, அந்தத் தோட்டத்து ஆட்களிடம் யாரும் கேட்கவில்லை. இதில் பொய் எதுவும் இல்லை, வெறுப்பும் இல்லை.

முடிவில்தான் பெரிய சோதனை. மாமன் கப்பலேறி வந்து இறங்குகிற மாதிரி முடித்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம் என்பேன். பெரும்பாலான குடும்பங்களுக்கு அது நடக்கவில்லை. டிக்கெட்டுக்கே காசு கிடையாது, 1980-களில் அங்கே போர் மூண்டபின் ராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது. மற்ற நாடுகளிலும் இப்படித்தான். கொரியாவில் 1953-ல் சண்டை நின்றபோது நாட்டின் குறுக்கே 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை போட்டு வடக்கையும் தெற்கையும் பிரித்துவிட்டார்கள். 2000-லிருந்து 2018 வரை 21 தடவை இரண்டு பக்கத்து உறவினர்களையும் நேரில் சந்திக்க வைத்தார்கள், ஒரு சந்திப்பு இரண்டு மூன்று நாள், அப்புறம் அவரவர் பஸ்ஸில் ஏறித் திரும்ப வேண்டும். 1947-ல் இந்தியா-பாகிஸ்தான் பிரிவினையில் பிரிந்த அண்ணன் தம்பி இருவர் 74 வருடம் கழித்து 2022 ஜனவரியில் பாகிஸ்தானில் உள்ள கர்தார்பூரில் கட்டிப்பிடித்துக்கொண்டதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நடந்தது உண்மைதான், ஆனால் நடக்காத வீடுகள் எத்தனையோ. உங்கள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழந்தையின் வீட்டில் மாமன் வரவே இல்லையென்றால், புத்தகத்து மாமன் மட்டும் வருவது அந்தக் குழந்தையைத் தனியாக விட்டுவிடுவது மாதிரி. அதற்காக இருட்டாகவும் முடிக்க வேண்டியதில்லை. எங்கள் கடைசி விரிப்பில் இடது பக்கம் வள்ளி தோடு போட்ட காதைத் திருப்பி போட்டோவுக்கு நிற்கிறாள், வலது பக்கம் லயத்துச் சுவரில் அந்த போட்டோ மாட்டியிருக்கிறது, பக்கத்தில் மாமன் டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

படித்துக் காட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. பவானிசாகர், அரச்சலூர், பூலுவபட்டி என்று நம் பக்கத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. இவர்கள் போருக்குப் பயந்து பின்னால் வந்தவர்கள், தோட்டத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்களின் கதை வேறு, இரண்டையும் குழப்பிச் சொல்லாதீர்கள். 2021-லிருந்து அரசே அவற்றை மறுவாழ்வு முகாம் என்றுதான் எழுதுகிறது, 'அகதி' என்ற சொல்லை நாமும் குழந்தைகள் முன் தூக்கிப் போட வேண்டாம். அப்படி ஒரு குழந்தை உங்கள் வகுப்பில் இருந்தால் எல்லார் முன்னாலும் எழுப்பி 'உங்க வீட்டுக் கதையச் சொல்லு கண்ணு' என்று கேட்கவே கேட்காதீர்கள். புத்தகத்தைப் படித்துவிட்டு மேசையில் வைத்துவிடுங்கள். வேண்டுமென்றால் அதுவே எடுத்துப் பார்க்கும், வீட்டுக்குக் கொண்டு போகக் கேட்கும். எங்களிடம் ஒரு பெண் மூன்று வாரம் கொடுக்காமல் வைத்திருந்தாள், நான் கேட்கவில்லை.

முதல் பிரதியைப் பென்சிலில் செய்து, கலர் அடிக்காமல், குழந்தைகளிடம் படித்துக் காட்டுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பொடியன், "ஏனுங்க மிஸ், அந்த மாமன் பஸ்ஸேறி வந்தா ஆகாதுங்களா?" என்று கேட்டான். அவன் கேட்ட பிறகுதான் கடலே இல்லாமல் புத்தகம் செய்திருக்கிறேன் என்று உறைத்தது. மடிப்பை நம்பி, கடலை வரையவே இல்லை. அப்புறம் ஒவ்வொரு விரிப்பிலும் மடிப்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு நீலப் பட்டை விட்டோம், ஒரு விரிப்பில் மட்டும் அது பெரிதாகி ஒரு குட்டிக் கப்பல் போகும்.

தைப்பதற்கு நீளக் கை ஸ்டேப்ளர் இருந்தால் இரண்டு பின் போதும். இல்லையென்றால் மடிப்பில் மூன்று ஓட்டை போட்டு, நடு ஓட்டையில் உள்ளிருந்து ஊசியை வெளியே விட்டு, மேல் ஓட்டையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டையில் வெளியே போய், மறுபடி நடுவில் உள்ளே வந்து முடிச்சுப் போடுங்கள். நூலுக்கு மெழுகுவத்தி தேய்த்துக்கொண்டால் நழுவாது. நம் ஊரில் யார் வீட்டிலாவது கோன் நூல் மிச்சம் இருக்கும், நாலு இழை சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டைக்குத் தடித்த சார்ட் தாள்.

எல்லாம் முடிந்ததென்று நினைக்கும்போது, அந்த வாழ்க்கையை வாழ்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். நான் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பாட்டியிடம் கொண்டு போனேன், கொழுந்து பறித்தவர், கப்பலில் வந்தவர். மெதுவாகப் பக்கம் திருப்பினார். கோச்சி படத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "கம்பளின்னா கறுப்புதான் புள்ள" என்றார். பக்கத்தில் எடுப்பாகத் தெரியட்டும் என்று நான் சிவப்பு அடித்திருந்தேன். ஒன்பது பக்கத்தில் கம்பளி வருகிறது, ஒன்பதையும் மறுபடி வரைந்தேன். கறுப்புக்குப் போஸ்டர் கலர் வேண்டாம், காய்ந்ததும் உதிர்கிறது. இந்தியன் இங்கில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு தடவை அடியுங்கள், மடித்த சுருக்கம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் விட்டுக்கொண்டு.